ஒரே மின்வழங்கி, பல செருகிகள்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோத்த கணினியில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன. தாய்ப்பலகையில் விளக்குகள் எரிகின்றன. திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. மின்சாரம் வந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிவதால் சந்தேகம் நினைவகத்தின் மீதும் திரையின் மீதும் போகிறது. செயலியே பழுதோ என்ற பயமும் எழுகிறது. பலமுறை காரணம் அவற்றில் எதுவும் இல்லை. பலகையின் மேல் மூலையில், செயலியின் குளிர்விப்பானுக்குப் பின்னால் மறைந்தபடி, எட்டுத் துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் காலியாகக் கிடக்கும். விசிறிக்கு வந்து சேர்ந்த மின்சாரம் சில அங்குலம் தள்ளி இருக்கும் செயலிக்கு ஏன் போகவில்லை? மின்வழங்கியும் ஒன்று, பலகையும் ஒன்று என்றிருக்க, அவற்றுக்கிடையே இரண்டு மூன்று கம்பிக் கற்றைகள் எதற்கு?

விடை மின்வழங்கியிலிருந்து தொடங்குகிறது. கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு சிறிய மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. இந்த வேகத்தில் வெட்டுவதால்தான் மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க முடிகிறது. மறுபக்கம் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என மூன்று முக்கிய மின்னழுத்தங்கள் வெளிவருகின்றன. மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசையின் அளவு. மின்னோட்டம் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு மின்னேற்றம் கடந்துபோகிறது என்பதன் அளவு. அதை ஆம்பியரில் சொல்வார்கள். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன், அதாவது வாட். இந்த மூன்று சொற்களும் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

கற்றைகளில் மிகப் பெரியது 24 முனைகள் கொண்டது. தாய்ப்பலகையின், அதாவது மதர்போர்டின், வலது ஓரத்தில் இரண்டு வரிசையாக இருக்கும் நீண்ட செருகுவாய் அதற்குரியது. அந்த 24 முனைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நான்கு முனைகள் 3.3 வோல்ட்டைக் கொண்டுவருகின்றன. ஐந்து முனைகள் 5 வோல்ட்டை. எட்டு முனைகள் தரை இணைப்புகள். பெயரில் தரை என்று இருந்தாலும் கணினிக்குள் அவற்றின் பணி, வேலையை முடித்த மின்னோட்டம் மின்வழங்கிக்குத் திரும்பிப் போக வழிவிடுவது. ஒரு முனையில் எதிர்க்குறி 12 வோல்ட் வருகிறது. பழைய தொடர் துறைகளுக்குத் தேவைப்பட்ட அது இன்று பெயரளவுக்கு இருக்கிறது. இன்னொரு முனை முற்றிலும் காலி. முன்பு எதிர்க்குறி 5 வோல்ட் வந்த இடம் அது. தேவை இல்லாமல் போனதும் கம்பி எடுக்கப்பட்டது, துளை மட்டும் மிஞ்சியது. புதுச் செருகியில் ஒரு கம்பி குறைகிறதே என்று கடைக்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது 12 வோல்ட்டின் பங்கு. 24 முனைகளில் அதற்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. விசிறிகளும் பலகையின் விரிவாக்கத் துளைகளும் இந்த இரண்டிலிருந்து பிழைத்துக்கொள்கின்றன. செயலிக்கு இது போதாது.

மீதி மூன்று முனைகள் தனிக் கதை. பழைய வண்ணக் கம்பிகளில் அவை ஊதா, பச்சை, சாம்பல் நிறங்களில் இருக்கும். ஊதாக் கம்பியில் 5 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கணினி அணைந்திருந்தாலும், பின்பக்கச் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அது நிற்காது. கணினியின் முகப்பில் இருக்கும் பொத்தான் உண்மையில் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச் அல்ல. அது பலகைக்குச் சொல்லப்படும் ஒரு செய்தி மட்டுமே. ஊதாக் கம்பியின் சிறு மின்சாரத்தில் விழித்திருக்கும் பலகை அந்தச் செய்தியைப் பெற்றுப் பச்சைக் கம்பியைத் தரையோடு இணைக்கிறது. அதைக் கண்ட பிறகுதான் மின்வழங்கி முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. பழுது பார்ப்பவர்கள் மின்வழங்கியைத் தனியே எடுத்துவைத்து, பச்சைத் துளையையும் தரைக்குரிய ஒரு கறுப்புத் துளையையும் வளைத்த கம்பியால் இணைத்துச் சோதிப்பது இதனால்தான்.

பச்சைக்கு எதிர்த்திசையில் பேசுவது சாம்பல் கம்பி. இயங்கத் தொடங்கிய கணத்தில் மின்வழங்கியின் மின்னழுத்தங்கள் ஏறிக்கொண்டிருக்கும். அரைகுறை மின்னழுத்தத்தில் செயலி வேலையைத் தொடங்கினால் கணக்கு தவறும். ஆகவே எல்லா மின்னழுத்தங்களும் நிலைபெற்றபின் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பொறுத்திருந்து, சாம்பல் கம்பி வழியே ‘சரி’ என்ற குறியை மின்வழங்கி அனுப்புகிறது. அதுவரை பலகை செயலியை நிறுத்தியே வைத்திருக்கிறது. ஒரு பொத்தானுக்கும் முதல் எழுத்துக்கும் இடையே இவ்வளவு கேள்வியும் பதிலும் நடக்கின்றன. 24 முனைச் செருகி சரியாக அமராவிட்டால் இதில் ஏதேனும் ஒன்று அறுந்து, கணினி அசையாமல் கிடக்கும்.

இன்னொரு சிறு கம்பியையும் சொல்லாமல் விடக்கூடாது. நல்ல மின்வழங்கிகளில் 3.3 வோல்ட் முனை ஒன்றில் தடித்த கம்பியோடு மெல்லிய பழுப்புக் கம்பி ஒன்றும் சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும். அது மின்சாரம் கொண்டுபோவதில்லை. கம்பியின் மறுமுனையில் மின்னழுத்தம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளந்து சொல்கிறது. நீண்ட கம்பியில் கொஞ்சம் மின்னழுத்தம் தொலைந்துபோகும் என்பது மின்வழங்கியை வடிவமைத்தவருக்குத் தெரியும். தொலைந்ததை ஈடுசெய்யப் பெட்டிக்குள்ளேயே சற்றுக் கூட்டிக் கொடுக்க அந்த அளவீடு உதவுகிறது. கம்பியும் முனையும் வெறும் பாதை அல்ல, அவற்றுக்கும் மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை உண்டு என்ற உண்மை பின்னால் மறுபடி வரும்.

வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு தரை என்பது நெடுநாள் வழக்கம். இன்று விற்கும் பல மின்வழங்கிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருகின்றன. எனவே வழிகாட்ட எஞ்சியிருப்பது செருகியின் வடிவமும் அதன்மீது பொறித்த எழுத்தும்தான்.

வடிவத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த பிசி ஏடி கணினியிலும் அதைப் பின்பற்றியவற்றிலும் பலகைக்கு மின்சாரம் தந்தவை ஆறு முனை கொண்ட இரண்டு செருகிகள். பெயர் பி8, பி9. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. பக்கத்துப் பக்கத்தில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். அப்படி மாறினால் தரை இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட்டும், 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தரையும் வரும், பலகை போய்விடலாம். இரண்டு செருகிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும் என்ற விதியை அக்காலத்துப் பழுதுபார்ப்பவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். மனிதரின் நினைவை நம்பிய வடிவமைப்பு அது. இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரநிலை அந்த நிலையை மாற்றியது. இரண்டுக்குப் பதில் 20 முனை கொண்ட ஒரே செருகி. அதுவும் ஒரே விதமாகத்தான் உள்ளே போகும். அதுதான் பின்னர் நான்கு முனைகள் கூடி 24 ஆனது.

ஒரே விதமாக மட்டும் எப்படிப் போகிறது என்பதைச் செருகியைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் காணலாம். ஒவ்வொரு முனையையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு உண்டு. சில கூடுகள் நேர்ச் சதுரம். சிலவற்றில் இரண்டு மூலைகள் சீவப்பட்டிருக்கும். செருகுவாயின் துளைகளும் அதே வரிசையில் சதுரமாகவும் சீவியதாகவும் இருக்கும். மூலை சீவிய கூடு சதுரத் துளைக்குள் போகும். சதுரக் கூடு சீவிய துளைக்குள் போகாது. இந்த ஏற்பாடு தவறான சேர்க்கைகள் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் அல்ல. கை வலுவாக அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். செருகி இலகுவாக இறங்க மறுத்தால் அது ஓர் எச்சரிக்கை. அங்கே பலத்தைக் காட்டக்கூடாது.

இனி அந்த மேல்மூலைச் செருகுவாய். 1990-களின் செயலிகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்தோ 3.3 வோல்ட்டிலிருந்தோ எடுத்துக்கொண்டன. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது அதன் பசிக்கு அந்தக் கம்பிகள் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போதிருந்த 20 முனைச் செருகியில் 12 வோல்ட்டுக்கு இருந்தது ஒரே முனை. அதனால் 12 வோல்ட்டும் தரையும் மட்டும் கொண்ட நான்கு முனைச் செருகி ஒன்று தனியே சேர்க்கப்பட்டது. சர்வர் எனப்படும் வழங்கி இயந்திரங்களுக்கான இபிஎஸ் தரநிலையிலிருந்து எட்டு முனை வடிவம் பின்னர் வீட்டுக் கணினிக்கும் வந்தது. இன்றைய மின்வழங்கிகளில் அது நான்கு நான்காகப் பிரியும்படி இருக்கிறது. பழைய பலகைக்குப் பாதி போதும், புதியதற்கு இரண்டையும் சேர்த்துச் செருக வேண்டும்.

ஏன் 12 வோல்ட் என்பது ஓர் எளிய கணக்கில் தெரியும். இன்றைய செயலியின் உட்பகுதி வேலை செய்வது ஏறத்தாழ 1.2 வோல்ட்டில். கடுமையான வேலையில் 180 வாட் இழுக்கும் ஒரு செயலிக்கு அந்த மின்னழுத்தத்தில் 150 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை மின்வழங்கியிலிருந்து நேரே கொண்டுவர விரல் தடிமனுள்ள செம்புக் கம்பி தேவைப்படும். அதே 180 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் 15 ஆம்பியர் போதும். எட்டு முனைச் செருகியின் நான்கு 12 வோல்ட் முனைகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆம்பியருக்கும் குறைவு. செயலியின் விளிம்பை ஒட்டி, பெரும்பாலும் உலோகக் குளிர்தகட்டுக்கு அடியில், வரிசையாக நிற்கும் சாம்பல்நிறக் கட்டிகள் கம்பிச்சுருள்கள். அவையும் அருகிலுள்ள டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் சேர்ந்ததுதான் மின்னழுத்தச் சீராக்கி. 12 வோல்ட்டை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, சுருளும் மின்தேக்கியும் அதைச் சமன்படுத்த, 1.2 வோல்ட் போன்ற அளவுக்கு அது இறக்குகிறது. பெரிய மின்னோட்டம் பாய வேண்டியது அந்தச் சில சென்டிமீட்டர் தூரம் மட்டும்.

தொடக்கத்தில் கண்ட புதிருக்கு விடை இதுவே. விசிறி தன் 12 வோல்ட்டை 24 முனைச் செருகியிலிருந்து பெறுகிறது. செயலியின் சீராக்கியோ மேல்மூலைச் செருகுவாயை மட்டும் நம்பியிருக்கிறது. பலகையில் இரண்டும் வெவ்வேறு செம்புத் தடங்கள். ஒன்றில் மின்சாரம் இருப்பதால் மற்றதில் வந்துவிடாது.

இங்கே மிகுந்த கவனம் தேவைப்படும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கிராஃபிக்ஸ் அட்டைக்கான செருகியும் எட்டு முனை கொண்டதே. அளவும் தோற்றமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். ஆனால் மின்முனைவு தலைகீழ். செயலிக்கான செருகியில் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையில் 12 வோல்ட். கிராஃபிக்ஸ் அட்டைக்கான செருகியில் அதே பக்கத்து வரிசையில் தரை. ஒன்றின் இடத்தில் மற்றதை அழுத்திச் செருகினால் 12 வோல்ட் நேராகத் தரையோடு மோதும். அதுதான் குறுக்குச்சுற்று. தரமான மின்வழங்கி அதை உணர்ந்து நொடியில் அணைந்துகொள்ளும். தரமற்றது என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கூடுகளின் வரிசை இரண்டிலும் வேறு என்பதால் தானாக உள்ளே போகாது. பிரியும் விதத்தைப் பார்த்தும் அடையாளம் காணலாம். செயலிக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். கிராஃபிக்ஸ் அட்டைக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பெரும்பாலான செருகிகளில் சிபியு என்றோ பிசிஐஇ என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அந்த எழுத்தைப் படிப்பது வீண் வேலை அல்ல.

இதைவிட நுட்பமான இன்னொரு குழப்பம் 24 முனைச் செருகியிலிருந்தே வரும். பல மின்வழங்கிகளில் அது 20 முனையும் நான்கு முனையுமாகக் கழன்றுகொள்ளும். அந்தச் சிறு நான்கு முனைத் துண்டு, செயலிக்கான நான்கு முனைச் செருகியைப் போலவே கண்ணுக்குப் படும். ஆனால் அதில் இருப்பவை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், தரை ஆகியவற்றில் ஒவ்வொன்று. செயலிக்கானதில் இருப்பவை இரண்டு 12 வோல்ட், இரண்டு தரை. முதலாவதற்குரிய இடம் 20 முனைக்குப் பக்கத்தில் மட்டுமே. அதைப் பெரிய செருகியின் ஓரத்துத் தவாளிப்பில் கோத்து, ஒன்றாகப் பிடித்துச் செருகுவதே முறை.

சரியான செருகி சரியான வாயில் போனால் மட்டும் போதாது; முழுமையாக உள்ளே போக வேண்டும். ஏன் என்பதற்கு இயற்பியல் தரும் விளக்கம் இந்த விஷயத்திலேயே மிகச் சுவையான பகுதி. இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானியால் அளந்தார். 1841-இல் அவர் வெளியிட்ட முடிவு, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது என்பது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. தடை எங்கே அதிகமோ அங்கேயே வெப்பமும் குவியும்.

செருகியில் தடை அதிகமாக இருக்கும் இடம் எது? இரண்டு உலோகங்கள் தொடும் இடம். அவை வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியின் கீழ் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பரப்புகள் சேரும்போது மேட்டு நுனிகள் மட்டுமே தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும். இதனால் எழும் தடையைத் தொடுதடை எனலாம். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்வீடன் நாட்டவரான ராக்னர் ஹோல்ம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதை விரிவாக ஆராய்ந்தார். நுனிகள் மட்டுமே தொடுகின்றன என்பது எப்படித் தெரியும்? இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்த்துவைத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே தடையை அளந்தால், கண்ணுக்குத் தெரியும் பரப்பு மாறாமல் இருக்கும்போதே தடை இறங்கிக்கொண்டே வரும். அழுத்தும்போது நுனிகள் நசுங்கிப் புதிய நுனிகளும் தொடத் தொடங்குகின்றன என்றால்தான் அது பொருந்தும்.

செருகியின் உள்ளே ஒவ்வொரு முனையிலும் சிறு உலோக வில் இருப்பது அந்த அழுத்தத்தைத் தருவதற்கே. செருகி பாதியில் நின்றால் வில் முழுதாகப் பற்றாது. எட்டு ஆம்பியர் பாயும் ஒரு முனையின் தடை ஐந்து மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால் அங்கே பிறக்கும் வெப்பம் மூன்றில் ஒரு வாட், கைக்குத் தெரியாது. தளர்ந்து தடை பத்து மடங்காகி, மின்னோட்டம் அதே அளவில் தொடர்ந்தால் மூன்று வாட்டுக்கு மேல். கடுகளவு இடத்தில் மூன்று வாட் என்பது பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கப் போதுமானது. சூடான உலோகத்தில் வில்லும் தளரும், துருவும் ஏறும். தடை இன்னும் கூடும். கோளாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

முனைகள் பல சேர்ந்து சுமக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. ஊர்கூடித் தேர் இழுக்கையில் சிலர் வடத்தை விட்டுவிட்டால், தேரின் கனம் குறைவதில்லை. பிடித்திருப்பவர்களின் தோள்மீதே ஏறும். செருகியிலும் சில முனைகள் சரியாகத் தொடாமல் போனால் அட்டையோ செயலியோ இழுக்கும் மொத்த மின்னோட்டம் குறையாது. நன்றாகத் தொடும் முனைகள் அளவுக்கு மீறிச் சுமக்கும்.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு தாய்ப்பலகைக்கு அருகிலேயே கிடைத்தது. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலையோடு, கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கென 16 முனை கொண்ட சிறிய செருகி ஒன்று அறிமுகமானது. அதன் ஆறு 12 வோல்ட் முனைகள் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர் வரை, கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆம்பியருக்கு மேல். முனையின் தாங்குதிறன் அதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே செருகிகள் உருகிய படங்கள் வெளியாகின. உலகெங்கும் சுமார் 50 நிகழ்வுகள் தெரிய வந்ததாகவும், அவற்றில் பொதுவாகக் காணப்பட்டது செருகி முழுமையாக உள்ளே போகாததே என்றும் நவம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. பயனர்மீது மட்டும் பழிபோடுவது நியாயமில்லை. பாதி செருகினாலும் இயங்கிவிடும் செருகி நல்ல வடிவமைப்பு அல்ல. தரநிலையை வகுப்பவர்களும் அதை உணர்ந்து 2023-இல் மாற்றினார்கள். மின்சாரம் கொண்டுவரும் முனைகள் சற்று நீண்டன. அட்டையோடு பேசும் நான்கு சிறு முனைகள் குட்டையாயின. செருகி முழுதாக இறங்காவிட்டால் குட்டை முனைகள் தொடாது; தொடாவிட்டால் அட்டை முழு மின்சாரத்தைக் கேட்காது. பாதுகாப்பு மறுபடியும் வடிவத்துக்குள்ளேயே புகுந்தது.

கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய மின்வழங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கை தனியாகச் சொல்ல வேண்டும். தரநிலை வரையறுப்பது கம்பியின் பலகைப்பக்க முனையை மட்டும். மின்வழங்கிப் பக்கத்துச் செருகுவாயில் எந்தத் துளைக்கு எந்த மின்னழுத்தம் என்பது தயாரிப்பாளரின் விருப்பம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளும் மாறலாம். பிளாஸ்டிக் வடிவம் ஒன்றாக இருப்பதால் பழைய பெட்டியின் கம்பி புதிய பெட்டியில் இதமாகப் பொருந்திவிடும். 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் வன்தட்டில் 12 வோல்ட் போய்ச் சேரும். சேமித்த ஆண்டுக்கணக்கான படங்களும் கோப்புகளும் ஒரு கணத்தில் எட்டாமல் போகலாம். வடிவத்தை நம்பலாம் என்ற விதி செல்லாத இடம் இது. மின்வழங்கியை மாற்றும்போது அதன் கம்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கம்பிகளைப் பழைய பெட்டியோடு கட்டி வைத்துவிடுவது நல்லது.

இணைக்கும் வேலையின் வரிசை எளிது. சுவரிலிருந்து வரும் கம்பி பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். பின்பு முகப்புப் பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் எஞ்சிய மின்னேற்றம் வடியும். பலகையில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணைவதைக் காணலாம். ஊதாக் கம்பியின் 5 வோல்ட் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மின்வழங்கியின் பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது இருக்கலாம். வேலைக்கு முன் கணினிப் பெட்டியின் பூச்சில்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டால் உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் கழியும். விரலுக்குச் சுருக்கென்று உறைக்கவே சில ஆயிரம் வோல்ட் வேண்டும். சில்லுகளைப் பழுதாக்க அதைவிடக் குறைவே போதும்.

செயலிக்கான கம்பியைப் பலகையைப் பெட்டியில் திருகும் முன்பே மேல்மூலைத் துளை வழியாக இழுத்து வைத்துக்கொள்வது வேலையை மிச்சப்படுத்தும். பலகை ஏறிய பிறகு அந்த இடுக்கில் விரல் நுழைவது சிரமம். 24 முனைச் செருகியின் கொக்கியும் செருகுவாயின் விளிம்பும் ஒரே பக்கம் இருக்கும்படி பிடித்து நேராக, சாய்க்காமல் அழுத்த வேண்டும். அது கணிசமான அழுத்தம் கேட்கும். பலகையின் அந்த ஓரத்துக்கு அடியில் பல நேரம் தாங்கும் திருகு இருப்பதில்லை. மறு கையால் பலகையின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டால் வளையாது. வளைந்தால் கண்ணுக்குத் தெரியாத செம்புத் தடங்களோ பற்றுகளோ விரிசல் விடும். கொக்கி விளிம்பைக் கவ்வும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கும். ஒலியை மட்டும் நம்பாமல், கொக்கி விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, செருகிக்கும் வாய்க்கும் நடுவில் இடைவெளி சீராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதே உறுதியானது. சில பலகைகளில் செயலிக்கென எட்டு முனையோடு இன்னொரு நான்கோ எட்டோ இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு எட்டு முனை ஒன்று நிரம்பினால் போதும். மிகுதி, செயலியின் வேகத்தைக் கூட்டி ஓட்டுபவர்களுக்காக.

முதல்முறை இயக்கும்போது கணினி நடந்துகொள்ளும் விதமே கோளாறைச் சொல்லிவிடும். எந்த அசைவும் இல்லையென்றால் பின்பக்கச் சுவிட்ச், 24 முனைச் செருகி, முகப்புப் பொத்தானின் மெல்லிய கம்பிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விசிறி ஒரு கணம் துடித்து உடனே நின்றால் மின்வழங்கியின் பாதுகாப்பு விழித்திருக்கிறது, எங்கோ குறுக்குச்சுற்று. விடாமல் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தாமல், கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செருகிகளையும், பலகைக்கு அடியில் தவறான இடத்தில் நிற்கும் திருகுத்தூண் ஏதேனும் உண்டா என்பதையும் ஆராய வேண்டும். விசிறி சுழன்று திரை கறுத்திருந்தால் முதல் பார்வை மேல்மூலைக்கு; அடுத்தது கிராஃபிக்ஸ் அட்டையின் செருகிக்கு. அண்மைக்காலப் பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், கிராஃபிக்ஸ், தொடக்கத் தட்டு என நான்கு குட்டி விளக்குகள் உண்டு. கோளாறு எங்கே என்பதை எரியும் விளக்கு காட்டும்.

இயங்கிவிட்ட கணினியிலும் இணைப்பின் தரத்தை அளக்க வழியிருக்கிறது. தரநிலை அனுமதிக்கும் விலகல் பொதுவாக ஐந்து விழுக்காடு: 12 வோல்ட் முனையில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் முனையில் 4.75 முதல் 5.25 வரை. பயாஸ் திரையிலேயே இந்த எண்கள் தெரியும். பலகையின் உணர்வி துல்லியம் குறைந்தது என்பதால் அவற்றை ஓர் அடையாளமாக மட்டும் கொள்ளலாம். நம்பகமானது மல்டிமீட்டர். பழக்கமுள்ளவர்கள், செருகியின் பின்புறம் கம்பி நுழையும் துளையில் அதன் முள்ளை மெல்ல வைத்து, கணினி கடுமையான வேலை செய்துகொண்டிருக்கும்போது அளப்பார்கள். ஓய்வில் சரியாக இருக்கும் எண், வேலை ஏறும்போது மட்டும் வெகுவாக இறங்கினால் தடை எங்கோ கூடியிருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியபின் செருகியைக் கழற்றி ஒவ்வொரு கூட்டின் உள்விளிம்பையும் பார்க்க வேண்டும். ஒரு கூடு மட்டும் பழுப்பேறியிருந்தால் அந்தக் கம்பியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பலகையின் செருகுவாயில் அதற்கு நேரான முனையும் கறுத்திருந்தால், புதுக் கம்பி வாங்கி மாட்டினாலும் அதே இடத்தில் மீண்டும் சூடேறும் என்பதால், செருகுவாயையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.